பொறியியல் மாணவர் ஏன் பிரவுசிங் சென்டருக்குப் போகிறார்?

தேர்வு முடிவு வந்த மறுநாள், கல்லூரிச் சாலையில் உள்ள ஏதாவது ஒரு பிரவுசிங் சென்டரை எட்டிப் பாருங்கள். கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன், அங்கே உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் தன் ரெஜிஸ்டர் நம்பரையும் பிறந்த தேதியையும் ஒப்பித்துக்கொண்டிருப்பான். விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அக்கா தட்டச்சு செய்வார், பணம் கட்டுவார், ரசீதை அச்செடுத்துக் கையில் கொடுப்பார். அதற்கு ஐம்பதோ நூறோ வாங்கிக்கொள்வார்.

பையனின் தோள்பையில் மடிக்கணினி இருக்கிறது. கையில் போன் இருக்கிறது. அன்று காலை அதே போனில் டீக்கடைக்குப் பணம் அனுப்பியிருக்கிறான், ஊருக்குப் போக பஸ் டிக்கெட் எடுத்திருக்கிறான், ஒரு ரீலை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்து ஏற்றியிருக்கிறான். இவற்றில் எதையும் அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்லூரியின் போர்ட்டலுக்கு மட்டும் சீனியர்கள் போட்ட யூடியூப் விளக்கம் வேண்டியிருக்கிறது. வாட்ஸப் குழுவில் ஸ்க்ரீன்ஷாட் மேல் சிவப்பு வட்டம் போட்டு, ‘இதை அமுக்கு, அதை அமுக்காதே’ என்று அம்புக்குறிகள் வந்து விழுகின்றன.

அலுவலகத்தில் கேட்டால் பதில் தயாராக இருக்கும். “பசங்க எங்க சார் படிக்கிறாங்க? சர்க்குலர்ல எல்லாம் போட்டிருக்கோம்.” படிப்பதில்லை என்பது உண்மைதான். பஸ் டிக்கெட் எடுக்கும்போதும் அவர்கள் எந்தச் சுற்றறிக்கையையும் படிக்கவில்லை. அங்கே அது தடையாக இல்லை. இங்கே மட்டும் ஏன் தடையாகிறது?

எளிது என்பது எதனுடைய குணம்?

‘இந்த போர்ட்டல் எளிதானது’ என்று சொல்லும்போது, எளிமை அந்தத் திரையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் பேசுகிறோம். இந்தத் துறையின் பன்னாட்டுத் தர வரையறை அப்படிப் பார்ப்பதில்லை. ஐஎஸ்ஓ 9241 என்ற வரிசையின் 11ஆம் பகுதி 1998இல் வந்தது, 2018இல் திருத்தப்பட்டது. யார் பயன்படுத்துகிறார், எந்த வேலைக்காக, எந்தச் சூழலில் என்ற மூன்றையும் சொல்லாமல் ஒரு பொருளை எளிது என்றோ கடினம் என்றோ சொல்லவே முடியாது என்பது அதன் அடிப்படை. இந்தப் பொருளில் வரும் எளிமையை இனிமேல் பயன்பாட்டெளிமை என்று அழைப்போம்.

அதை அளக்க மூன்று கேள்விகள் போதும். வந்த வேலை சரியாக முடிந்ததா? முடிக்க எவ்வளவு நேரமும் உழைப்பும் செலவானது? முடித்தவருக்கு மனம் எப்படி இருந்தது? இவற்றை முடிப்பு, செலவு, நிறைவு என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றும் ஒன்றாகவே ஏறி இறங்கும் என்று நினைத்துவிட வேண்டாம். வேலையை முடிக்காதவர் நிறைவோடு எழுந்து போவதும் நடக்கும். அந்த வேடிக்கையைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

சூழல் என்ற சொல்லை மட்டும் அழுத்திப் படியுங்கள். போர்ட்டலை உருவாக்கியவர் அதைச் சோதிப்பது பெரிய திரையில், அலுவலக வைஃபையில், மெனு எல்லாம் மனப்பாடமான நிலையில். மாணவர் அதைத் திறப்பது இரவு ஒன்பது மணிக்கு, விடுதி மாடியில், விரிசல் விட்ட போனில், எட்டு சதவீத சார்ஜில், நாளை கடைசி நாள் என்ற பதற்றத்தில். நிரல் ஒன்றுதான். பயன்பாட்டெளிமை என்று வந்துவிட்டால் இவை இரண்டு வேறு பொருள்கள்.

இன்னொன்றும் உண்டு. ரீல் ஏற்றும் செயலியை மாணவர் நாள்தோறும் தொடுகிறார். அதன் மூலைமுடுக்கெல்லாம் விரலுக்குப் பழகிவிடுகிறது. விடைத்தாள் நகல் கேட்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எப்போதோ ஒருமுறை போகும் உறவினர் வீட்டுச் சமையலறையில் சர்க்கரை டப்பாவைத் தேடுவதுபோல, ஒவ்வொரு தடவையும் அது புது இடம்தான். போன முறை கற்றது இந்த முறைக்குள் மறந்திருக்கும். ஆகவே ‘பழகினால் சரியாகிவிடும்’ என்ற சமாதானம் மாணவர் போர்ட்டலுக்குப் பொருந்தாது.

வெளியேற முடியாதவர்கள்

ஒரு கடையின் இணையதளம் குழப்பமாக இருந்தால் வாடிக்கையாளர் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார். அந்த இழப்பு அன்று மாலையே விற்பனைக் கணக்கில் தெரியும். முதலாளி துடித்துப்போய்ச் சரிசெய்வார். கல்லூரி போர்ட்டலைப் பிடிக்காத மாணவர் எங்கே போவார்? பக்கத்துக் கல்லூரியின் போர்ட்டலில் தன் அரியரைப் பதிவுசெய்ய முடியாது. எப்படியாவது முடித்தே ஆக வேண்டும்; முடித்தும் விடுகிறார். கடைசித் தேதிக்குப் பிறகு நிர்வாகம் கணக்குப் பார்க்கும்போது ஏறக்குறைய எல்லோரும் விண்ணப்பித்திருப்பார்கள், எல்லோரும் கட்டணம் கட்டியிருப்பார்கள். அட்டவணை முழுக்கப் பச்சை.

அந்தப் பச்சைக்குப் பின்னால் யார் உழைத்தார்கள் என்பது அட்டவணையில் வராது. பிரவுசிங் சென்டர் அக்காவின் அரை மணி நேரம், சீனியரின் காணொளி, அண்ணனைப் போனில் பிடித்து ஓடிபி கேட்ட தங்கையின் அலைச்சல் ஆகிய எல்லாம் சேர்ந்துதான் அந்த நூறு சதவீதம். போர்ட்டல் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியைக் கல்லூரிக்கு வெளியே உள்ளவர்கள் செய்து கொடுத்திருக்கிறார்கள், செலவு மாணவருடையது. இத்தகைய அமைப்புகளின் குறை சர்வர் பதிவேட்டில் தானாக வந்து நிற்காது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் கண்ணில் படும்.

ஐந்து பேர், ஒரு வேலை

எப்படிப் பார்ப்பது? ஒரு கற்பனைக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். நாலாயிரம் மாணவர்கள். போர்ட்டலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது. ஐந்து மாணவர்களைத் தனித்தனியே அழைக்கிறோம். அவரவர் போனிலேயே செய்யச் சொல்கிறோம். அவரவர் லாகினிலேயே, உண்மையான பணம் மட்டும் போகாதபடி ஏற்பாடு செய்கிறோம். திரையைப் பதிவுசெய்கிறோம்.

வேலையைச் சொல்லும் விதத்தில்தான் பாதிச் சோதனை இருக்கிறது. ‘ரிக்வெஸ்ட்ஸ் மெனுவுக்குப் போய் போட்டோகாப்பி அப்ளை பண்ணுங்கள்’ என்றால் விடையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்பதாகிவிடும். “ஒரு பாடத்தில் எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை. உங்கள் விடைத்தாளை நீங்களே பார்க்க வேண்டும். என்ன செய்வீர்கள்?” இவ்வளவுதான் சொல்ல வேண்டும். திரையில் இருக்கும் எந்தச் சொல்லும் நம் வாயில் வரக் கூடாது.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். மனித சிந்தனையை ஆராய உளவியலாளர்கள் கையாண்ட முறை இது. 1982இல் ஐபிஎம் ஆய்வாளர் கிளேட்டன் லூயிஸ் கணினி இடைமுகங்களைச் சோதிக்க இதைக் கொண்டுவந்தார். வாய்விட்டு யோசித்தல் என்று சொல்லலாம். பார்ப்பவருக்கு ஒரே விதி: உதவக் கூடாது. நம்மூரில் இதுதான் ஆகக் கடினமான விதி. ஒரு பிள்ளை தடுமாறும்போது ஆசிரியரின் விரல் தானாகத் திரையை நோக்கி நீளும். “இதை அமுக்கட்டுமா சார்?” என்று கேட்டால், “நான் இங்கே இல்லையென்றால் என்ன செய்திருப்பீர்கள்?” என்று திருப்பிக் கேட்கப் பழக வேண்டும்.

முதலாமவர் நான்காம் ஆண்டு. ஏற்கெனவே இந்த வேலையைச் செய்தவர். இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். போர்ட்டல் குழு சோதனைக்கு எப்போதும் அழைப்பது இவரைப் போன்றவரைத்தான்.

இரண்டாமவர் இரண்டாம் ஆண்டு. ‘எக்ஸாமினேஷன்’ மெனுவைத் திறக்கிறார். “இதுலதான் இருக்கணும்… ஹால் டிக்கெட், டைம் டேபிள், ரிசல்ட்… இல்லையே.” மேலும் கீழும் தேடுகிறார். ‘அகாடமிக்ஸ்’ பார்க்கிறார். மறுபடி எக்ஸாமினேஷன். நான்கு நிமிடம் கழித்து, வேறு போக்கிடம் இல்லாமல், ‘ரிக்வெஸ்ட்ஸ்’ திறந்து கண்டுபிடிக்கிறார். மொத்தம் பதினொரு நிமிடம். அது ஏன் அங்கே இருக்கிறது? அலுவலகத்தில் தேர்வு நடத்துவது ஒரு பிரிவு, மாணவர் கோரிக்கைகளை வாங்கி அனுப்புவது வேறொரு பிரிவு. அலுவலக மேசைகள் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கின்றனவோ அப்படியே மெனுவும் பிரிந்திருக்கிறது. மாணவருக்கு அந்த மேசைகளைத் தெரியாது. அவருக்குத் தேர்வு என்றால் தேர்வு.

மூன்றாமவர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவி. நிதானமாகப் படித்துப் படித்துச் செய்கிறார். பாடத்தைத் தேர்ந்தெடுக்கிறார், ‘சேவ்’ அழுத்துகிறார், பணம் கட்டும் பக்கத்துக்குப் போகிறார். பச்சை நிறத்தில் டிக் குறி வருகிறது. “அவ்வளவுதான் சார், முடிஞ்சுது” என்று போனைக் கீழே வைக்கிறார். ஏழு நிமிடம்.

முடியவில்லை. பணம் கட்டிய பிறகு மறுபடி போர்ட்டலுக்கு வந்து, ‘ஃபைனல் சப்மிட்’ என்ற பட்டனை அழுத்தினால்தான் விண்ணப்பம் அலுவலகத்துக்குப் போகும். அந்தப் பச்சை டிக் வங்கியின் பக்கத்தில் வந்தது. ‘பணம் வந்தது’ என்று மட்டுமே அது சொன்னது. ‘விண்ணப்பம் வந்தது’ என்று அவர் படித்துக்கொண்டார். யாரானாலும் அப்படித்தான் படிப்பார்கள். கடையில் காசு கொடுத்தபின் ‘வாங்குகிறேன்’ என்று தனியாக ஒருமுறை அறிவிக்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. நிரல் எழுதியவர் கண்ணில் பணம் ஒரு படி, விண்ணப்பம் இன்னொரு படி. அவருடைய தர்க்கத்தில் பிழையில்லை.

பொய்யான முடிப்பு என்று இதைச் சொல்லலாம். பயன்பாட்டெளிமைக் குறைகளில் ஆக மோசமானது இதுதான். தவிக்கும் மாணவர் யாரிடமாவது உதவி கேட்பார். முடித்துவிட்டதாக நம்பும் மாணவர் கேட்கவே மாட்டார். கடைசித் தேதி போன பிறகுதான் தெரியவரும்.

நான்காமவர் டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர். லாகின் செய்ய ஓடிபி வேண்டும். சேர்க்கையின்போது படிவத்தில் அப்பாவின் எண்ணைக் கொடுத்திருக்கிறார். அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவர் வண்டியை ஓரங்கட்டி எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் நேரம் காலாவதி ஆகிவிடுகிறது. இரண்டாவது முயற்சியில், பதினான்காம் நிமிடம் முடிக்கிறார். சுட்டிக்காட்ட எந்தப் பட்டனும் இல்லாத குறை இது. ஒரு வருடத்துக்கு முன், சேர்க்கைக் கூட்டத்தில், யாரோ ஒருவர் நிரப்பிய கட்டம் இப்போது வந்து குறுக்கே நிற்கிறது.

ஐந்தாமவர் பார்வைத்திறன் குறைந்தவர். போனில் உள்ள திரைவாசிப்பான் எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும். லாகின் பக்கத்தில் வரும் கேப்சா, எழுத்துகளைப் படமாகக் காட்டுவது; அதை வாசிக்க அந்த மென்பொருளால் முடியாது. ஒலி வடிவம் கொடுக்கப்படவில்லை. லாகின் பக்கத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை. ‘நீ மனிதன்தானா’ என்று கேட்கும் இயந்திரத்துக்கு அவரால் பதில் சொல்ல முடியாமல் போகிறது.

இனிஷியலும் நாட்காட்டியும்

இந்த ஐந்து பேரின் பதிவுகளில் பெரிய தடைகளுக்கு நடுவே சின்னச் சின்ன உராய்வுகளும் கிடைக்கும். இரண்டை மட்டும் சொல்கிறேன்.

பெயரைக் கேட்கும் கட்டம். முதற்பெயர், கடைசிப்பெயர், இரண்டும் கட்டாயம். தந்தை முருகன், மகள் கவிதா என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கவிதா எம்’. ஆதாரில் ‘எம் கவிதா’. வங்கிக் கணக்கில் ‘கவிதா முருகன்’. கடைசிப்பெயர்க் கட்டத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டால் ‘குறைந்தது மூன்று எழுத்து’ என்று சிவப்பில் வருகிறது. அப்பா பெயரைப் போட்டால் சான்றிதழோடு ஒத்துப்போகவில்லை என்கிறது. குடும்பப்பெயர் உள்ள சமூகத்துக்காக வரைந்த படிவத்தை, இனிஷியல் போடும் ஊரில் அப்படியே இறக்கிவைத்ததன் விளைவு. ‘சான்றிதழில் உள்ளபடி பெயர்’ என்று ஒரே கட்டம் வைத்திருந்தால் இந்தத் தொல்லை முழுதும் இல்லை. பெயரை இரண்டாகப் பிரித்து வைத்துக் கல்லூரி என்ன செய்யப்போகிறது என்று கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

அடுத்தது பிறந்த தேதி. கட்டத்தைத் தொட்டால் ஒரு நாட்காட்டி விரிகிறது, இந்த மாதத்தைக் காட்டுகிறது. பின்னோக்கிப் போக ஓர் அம்புக்குறி. ஒரு தட்டுக்கு ஒரு மாதம். பத்தொன்பது வயது மாணவர் தன் பிறந்த மாதத்துக்குப் போக 228 தட்டுகள் தட்ட வேண்டும். அரை நொடிக்கு ஒரு தட்டு என்றாலும் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். அதே நாட்காட்டியில் ஆண்டைத் தொட்டால் ஆண்டுப் பட்டியல் வரும் என்ற ரகசியம் நான்காம் ஆண்டு மாணவருக்குத் தெரியும். எட்டு இலக்கம் தட்டச்சு செய்யும் வெறும் கட்டமாக இருந்தால் ரகசியமே தேவையில்லை.

கேட்டால் என்ன சொல்வார்கள்?

பார்த்து முடித்தபின் கேட்கலாம். கேட்பதற்கும் ஒரு கருவி உண்டு. 1986இல் இங்கிலாந்தின் ரெடிங் நகரில், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் புரூக் பத்து வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவத்தைத் தயாரித்தார். அவரே அதை அவசரத்துக்குச் செய்த கருவி என்றுதான் அறிமுகப்படுத்தினார். இன்று உலகம் முழுதும் அதிகம் பயன்படும் படிவங்களில் அதுவும் ஒன்று. எஸ்யூஎஸ் என்பது அதன் சுருக்கப் பெயர்.

பத்து வாக்கியங்களில் ஒற்றைப்படை எண் உள்ளவை பாராட்டு, இரட்டைப்படை எண் உள்ளவை குறை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பிட வேண்டும். 5 என்றால் முழுச் சம்மதம். பாராட்டு வாக்கியத்துக்குக் கிடைத்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். குறை வாக்கியத்துக்குக் கிடைத்த எண்ணை ஐந்திலிருந்து கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி இரண்டரையால் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பு கிடைக்கும்.

நம் மூன்றாம் மாணவி நிரப்பிய படிவத்தைப் பார்ப்போம். பாராட்டு வாக்கியங்களுக்கு 4, 4, 5, 4, 4. கழித்தால் 3, 3, 4, 3, 3, கூட்டினால் 16. குறை வாக்கியங்களுக்கு 2, 1, 2, 2, 2. ஐந்திலிருந்து கழித்தால் 3, 4, 3, 3, 3, அதுவும் 16. மொத்தம் 32, இரண்டரையால் பெருக்க 80. நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்ததில் கிடைத்த சராசரி சுமார் 68. அதாவது நல்ல போர்ட்டல் என்று சான்று கொடுத்திருக்கிறார்!

அவர் 1 போட்ட அந்த நான்காவது வாக்கியம், இதைப் பயன்படுத்தத் தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரின் உதவி தேவைப்படும் என்ற பொருள் கொண்டது. தேவையே இல்லை என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார், விண்ணப்பம் போய்ச் சேராத மாணவி.

படிவம் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிறைவாகத்தான் இருந்தது. நிறைவை மட்டும் அளந்தால் நிறைவு மட்டும்தான் தெரியும். இதில் இன்னொரு கோணமும் இருக்கிறது. தடுமாறியவர்கள்கூடப் பெரும்பாலும் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். “எனக்குத்தான் சரியா தெரியல சார்” என்பது சோதனை அறையில் அடிக்கடி கேட்கும் குரல். எதிரே உட்கார்ந்திருப்பவர் அகமதிப்பெண் போடும் ஆசிரியர் என்றால் குரல் இன்னும் பணிந்து வரும். போர்ட்டலைப் பற்றி மாணவர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தி ‘மிக நன்று’ வாங்குவது ஒன்றும் பெரிய சாதனை அல்ல. அந்தக் கருத்துப் படிவத்தை நிரப்பினால்தான் ஹால் டிக்கெட் இறங்கும் என்று வைத்திருந்தால், சொல்லவே வேண்டாம்.

ஐந்து பேர் போதுமா?

நாலாயிரம் பேர் உள்ள கல்லூரிக்கு ஐந்து பேரைப் பார்த்துவிட்டுப் பேசலாமா? 1993இல் யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். அவர்கள் ஆராய்ந்த திட்டங்களில், சராசரியாக ஒரு பயனரை வைத்தே 31 சதவீதக் குறைகள் வெளிப்பட்டன. இரண்டாமவர் மிச்சமுள்ள 69இல் 31 சதவீதத்தைக் காட்டுவார். மற்றவை ஏற்கெனவே பார்த்தவை. அப்படியே போனால் இருவருக்கு 52, மூவருக்கு 67, நால்வருக்கு 77, ஐவருக்கு 84. அதற்குமேல் பார்த்ததையே பார்த்துக்கொண்டிருப்போம். ஆகவே ஐவரோடு நிறுத்தி, திருத்தி, வேறு ஐவரை அழைப்பது மேல் என்றார் நீல்சன்.

சராசரியை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது என்பது பிறகு தெரிந்தது. 2003இல் லாரா ஃபாக்னர் அறுபது பேரை வைத்துச் சோதித்து, அவர்களிலிருந்து ஐந்தைந்து பேராகப் பலமுறை குலுக்கி எடுத்துப் பார்த்தார். சராசரி 85 சதவீதத்தை ஒட்டியே வந்தது. ஆனால் ஒரு குழு 55 சதவீதக் குறைகளை மட்டுமே பிடித்திருந்தது. எந்த ஐவர் நம் அறைக்கு வருகிறார்கள் என்பது அதிர்ஷ்டம்.

இருபதில் ஒருவரை மட்டும் தாக்கும் குறை ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். ஐந்து பேரில் அது வெளிப்படும் வாய்ப்பு நாலில் ஒன்றுகூட இல்லை. சுமார் 23 சதவீதம். நாலாயிரம் பேரில் இருபதில் ஒருவர் என்றால் இருநூறு மாணவர்கள். அத்தனை பேரும் நம் சோதனையின் கண்ணில் படாமல் போகலாம்.

எண்களைச் சொல்வதிலும் கவனம் வேண்டும். ஐவரில் மூவர் முடித்தார்கள். ‘அறுபது சதவீத வெற்றி’ என்று அறிக்கையில் எழுதக் கை துறுதுறுக்கும். புள்ளியியல்படி அந்த ஐந்து பேரை வைத்துச் சொல்லக்கூடியது, உண்மையான வெற்றி விகிதம் ஏறக்குறைய 23க்கும் 88க்கும் நடுவே எங்கேயோ இருக்கலாம் என்பதுதான். ஆக, குறைகளைக் கண்டுபிடிக்கச் சிலர் போதும். எத்தனை சதவீதம் என்று அடித்துச் சொல்ல நிறையப் பேர் வேண்டும். ஒன்றுக்குச் செய்த சோதனையை மற்றொன்றுக்கு எடுத்துக் காட்டக் கூடாது.

மாணவர்களைத் தொந்தரவு செய்யாமல் நிபுணரை அழைத்தால் என்ன? அதற்கும் முறை உண்டு. நீல்சனும் ரால்ஃப் மோலிச்சும் 1990இல் உருவாக்கிய வழி அது; பொதுவிதிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு நிபுணர்கள் திரை திரையாகப் பார்ப்பார்கள். மலிவு, வேகம், பயனுள்ளது. ஆனால் நிபுணர்களின் கண்ணும் ஆளுக்கு ஆள் மாறும். பயனர்களை வைத்துச் சோதிக்கும் நிபுணர்களிடையேகூட அப்படித்தான்: 1990களின் இறுதியில் மோலிச் ஒன்பது குழுக்களிடம் தனித்தனியே ஹாட்மெயிலைச் சோதிக்கக் கொடுத்தார். மொத்தம் 310 குறைகள் வந்தன. அவற்றில் 232 குறைகளை ஒரே ஒரு குழு மட்டுமே சொல்லியிருந்தது.

திரையின் மறுபக்கம்

மாணவர் போர்ட்டல் என்று பெயர் இருந்தாலும் அதில் அதிக நேரம் உட்கார்ந்திருப்பவர்கள் ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும்தான். அவர்களுக்குக் கணக்கு வேறு. மறந்துபோவது அவர்கள் சிக்கல் அல்ல. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் சிக்கல்.

இதை யாரையும் அழைக்காமலே, கால்குலேட்டரை வைத்து அளக்கலாம். 1980இல் ஸ்டுவர்ட் கார்டு, தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் மூவரும் கைவேலையைச் சிறு துண்டுகளாக உடைத்து ஒவ்வொன்றுக்கும் நேரம் கொடுத்தார்கள். சாதாரணமாகத் தட்டச்சு செய்பவருக்கு ஒரு விசைக்கு 0.28 நொடி. மவுஸை ஓர் இடத்துக்குக் கொண்டுபோக 1.1 நொடி. ஒரு கிளிக்குக்கு 0.2 நொடி.

அறுபது பேர் வகுப்புக்கு அகமதிப்பெண் ஏற்றுகிறார் ஆசிரியர். இரண்டு இலக்கம் தட்டி டேப் விசையை அழுத்தினால் மூன்று விசை, 0.84 நொடி, அறுபது பேருக்கு 50 நொடி. அதையே கீழே விரியும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னால், பட்டியலுக்குப் போய் ஒரு கிளிக், எண்ணுக்குப் போய் இன்னொரு கிளிக், ஆக 2.6 நொடி, அறுபது பேருக்கு 156 நொடி. பட்டியலை உருட்டும் நேரத்தையும் அடுத்த வரிக்கு நகரும் நேரத்தையும் இதில் சேர்க்கவே இல்லை. தவறான எண் விழக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில்தான் பட்டியல் வைத்திருப்பார்கள். மதிப்பெண் 47க்குப் பதில் பக்கத்திலிருக்கும் 46ஐக் கிளிக் செய்வது அதனால் இன்னும் சுலபமாகிவிட்டது என்பது யாருக்கும் தோன்றியிராது.

டெண்டரில் ஒரு வரி

நம் கற்பனைக் கல்லூரி திருத்தங்களைத் தொடங்குகிறது. முதல் திருத்தம் பொய்யான முடிப்புக்கு: ஃபைனல் சப்மிட் பட்டனை எடுத்துவிட்டு, பணம் வந்ததும் விண்ணப்பம் தானாகப் பதிவாகி, போர்ட்டலிலேயே ‘விண்ணப்பம் வந்து சேர்ந்தது, எண் இது’ என்று காட்டும்படி செய்கிறார்கள். நகல் விண்ணப்பத்துக்கு எக்ஸாமினேஷன் மெனுவில் ரிசல்ட்டுக்குக் கீழே ஓர் இணைப்பு. ஓடிபி எண்ணை மாற்றிக்கொள்ள லாகின் பக்கத்திலேயே ஒரு வழி. பிறகு வேறு ஐந்து பேர் வருகிறார்கள். நால்வர் முடித்துவிடுகிறார்கள். புதிதாக ஒரு குறை முளைக்கிறது: விண்ணப்ப எண்ணையும் பணம் கட்டிய எண்ணையும் இருவர் குழப்பிக்கொள்கிறார்கள். திருத்தினால் இப்படி ஒன்று முளைப்பது வழக்கம்தான். முடிக்காத அந்த ஐந்தாமவர் யார் என்று ஊகித்திருப்பீர்கள். திரைவாசிப்பான் வைத்திருப்பவர். கேப்சா வேறொரு நிறுவனத்திடமிருந்து வருகிறது, அது ஒப்பந்தத்தில் இல்லை என்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் எது இருக்கிறது? இத்தகைய மென்பொருள் வாங்கும் ஆவணங்களைப் புரட்டினால் வசதிகளின் பட்டியல் பக்கம் பக்கமாக வரும்: கட்டணப் பகுதி உண்டு, விடுதிப் பகுதி உண்டு, நூலகப் பகுதி உண்டு, குறுஞ்செய்தி உண்டு. உண்டு, உண்டு என்று டிக் அடித்துப் பணம் கொடுத்துவிடலாம். அந்த வசதியை ஒரு மாணவரால் பயன்படுத்த முடிகிறதா என்று ஒரு வரிகூட இருக்காது. தேர்ந்தெடுப்பவரும் கையெழுத்திடுபவரும் அதில் ஒருநாளும் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை.

அந்த வரியை எழுதுவது கடினமல்ல. ‘இந்த போர்ட்டலை இதற்குமுன் பார்த்திராத இருபது மாணவர்கள், கல்லூரி தேர்ந்தெடுப்பவர்கள், திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் இருவர் உட்பட, அவரவர் போனில், யார் உதவியும் இல்லாமல், விடைத்தாள் நகல் விண்ணப்பத்தைத் தொடங்கி முடிக்க வேண்டும். குறைந்தது பதினெட்டுப் பேர் ஐந்து நிமிடத்துக்குள் முடித்த பின்னரே இறுதித் தவணை வழங்கப்படும்.’ பதினெட்டுப் பேர் என்ற கணக்கில் திரைவாசிப்பான் வைத்திருக்கும் இருவரையும் விட்டுவிட்டுத் தப்பிக்க வழி இருக்கிறதே என்று கேட்பீர்கள். சரிதான். ‘அந்த இருவரும் கட்டாயம் முடித்திருக்க வேண்டும்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.